ராஸ்பெரி பையின் வைஃபை எங்கே திணறுகிறது

உள்ளங்கை அளவுப் பலகைக் கணினியான ராஸ்பெரி பையின் ஐந்தாம் பதிப்பு, பை 5, 2023 அக்டோபரில் வந்தபோது எல்லோரும் ப்ராசசரைப் பற்றியே பேசினார்கள். அதிலிருக்கும் வைஃபை சிப் என்னவென்று பார்த்தவர்கள் குறைவு. 2018 மார்ச்சில் வந்த 3பி பிளஸ் பதிப்பில் இருந்த அதே சைப்ரஸ் 43455 தான் அது. நடுவில் 2019-ல் வந்த பை 4-லும் அதுவேதான். சிப்பை வைத்திருக்கும் கம்பெனிதான் கை மாறிக்கொண்டே இருந்தது: பிராட்காம் உருவாக்கியது, அந்தப் பிரிவை 2016-ல் சைப்ரஸ் வாங்கியது, சைப்ரஸையே 2020-ல் இன்ஃபினியன் வாங்கிவிட்டது. பையில் ஓடும் லினக்ஸில் அதற்கான டிரைவர் (சிப்பை இயக்கும் நிரல்) மட்டும் இன்றுவரை பிராட்காம் பெயரைச் சுமந்துகொண்டிருக்கிறது. 3பி பிளஸ்ஸுக்கும் 5-க்கும் ப்ராசசரில் பல மடங்கு வித்தியாசம், மெமரி 1 ஜிபியிலிருந்து 16 வரை ஏறிவிட்டது, வைஃபை மட்டும் அப்படியே நிற்கிறது.

இதைக் குறையாகச் சொல்லவில்லை. இந்தப் பலகைகள் பெரும்பாலும் போகிற இடங்களில், அதாவது பள்ளிக்கூட மேசை, செடிக்குத் தண்ணீர் விடும் பெட்டி, விளம்பரத் திரை என்று எல்லாவற்றுக்கும் இந்த வைஃபை தாராளமாகப் போதும். என் தேவை கொஞ்சம் வேறு. வீட்டில் எல்லோருடைய போனிலும் இருக்கும் படங்கள், வீடியோக்கள், லேப்டாப் பேக்கப் எல்லாம் பையோடு ஒட்டிய ஒரு ஹார்டு டிஸ்க்கில் போய் விழ வேண்டும். ஒரு கல்யாண வீடியோ 20 ஜிபி என்று வைத்துக்கொள்ளுங்கள். பை 4-ன் வைஃபையில் நிஜமாகக் கிடைக்கும் நொடிக்கு 90, 95 மெகாபிட்டில் (இனி வெறும் எண்ணாக வரும் வேகங்களும் நொடிக்கு இத்தனை மெகாபிட்தான்) அதை ஏற்ற அரை மணி நேரம் ஆகும். அந்த அரை மணி நேரமும் வீட்டில் யாராவது ஒருவர் "நெட் ஏன் இப்படி இழுக்குது" என்று கேட்டுக்கொண்டே இருப்பார்.

கேபிள் இழுத்தால் முடிந்துவிடுமே என்பீர்கள். முடியும்தான். பை 4-லும் 5-லும் முழு கிகாபிட் ஈத்தர்நெட் இருக்கிறது, அதற்கு இணையாகப் பையின் சொந்த வைஃபை நிற்காது. ஆனால் வாடகை வீட்டில் குடியிருப்பவர்களுக்குத் தெரியும். "தம்பி, சுவத்துல ஆணி அடிக்கிறதுன்னா கூட ஒரு வார்த்தை சொல்லிட்டு அடிங்க" என்று சாவி கொடுக்கும்போதே சொன்ன ஓனரிடம் போய், இரண்டு அறைச் சுவர்களில் துளை போடட்டுமா என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை. தரையோரமாக ஒட்டிக்கொண்டு போகலாம்தான், நடுவில் இரண்டு கதவுகள். அதனால் வைஃபை.

இனி விஷயத்துக்கு வருவோம். வேகம் குறைவாக இருக்கிறது என்றதும் பெரும்பாலானோர் செய்வது, பெட்டியில் பெரிய எண் போட்ட ஒரு யூஎஸ்பி டாங்கிளை, அதாவது யூஎஸ்பி போர்ட்டில் செருகும் சின்ன வைஃபை கருவியை, வாங்குவது. அதற்கு முன்னால் எங்கே சிக்குகிறது என்று பார்க்க வேண்டும். பை, காற்று, ரவுட்டர், அந்தப் பக்கம் இருக்கும் கணினி, டிஸ்க் என்று தரவு பல இடங்களைத் தாண்டி வருகிறது. இதில் மிக மெதுவான இடம் எதுவோ அதுதான் உங்கள் வேகம், மற்ற இடங்களில் எவ்வளவு காசைக் கொட்டினாலும் ஒன்றும் நகராது.

இன்டர்நெட் வேகம் காட்டும் தளங்களை இதற்கு நம்பாதீர்கள். உங்கள் பிளான் 100 மெகாபிட் என்றால் அது 100-தான் காட்டும், அது பையின் குற்றமில்லை. இரண்டு கணினிகளுக்கு நடுவே வேகம் அளக்கும் ஐபெர்ஃப்3 என்ற சின்ன நிரலைப் பையில் ஒரு பக்கமும், ரவுட்டரில் கேபிளால் செருகிய ஒரு கணினியில் மறுபக்கமும் ஓட்டுங்கள். திசையை மாற்றியும் ஒரு தடவை ஓட்டுங்கள், ஏனென்றால் அனுப்பும் வேகமும் பெறும் வேகமும் பல வீடுகளில் ஒன்றாக இருப்பதில்லை. 'கேபிளால் செருகிய' என்றதை அழுத்திச் சொல்கிறேன். லேப்டாப்பும் வைஃபையில், பையும் வைஃபையில் என்றால் ஒவ்வொரு பைட்டும் லேப்டாப்பிலிருந்து ரவுட்டருக்கு ஒருமுறை, ரவுட்டரிலிருந்து பைக்கு ஒருமுறை என இரண்டு தடவை காற்றில் போகிறது. ஒரே சேனலில் ஒரு நேரத்தில் ஒருவர்தான் பேச முடியும் என்பதால் வேகம் பாதியாகிவிடும். பல வீடுகளில் பையின் வைஃபை மோசம் என்ற தீர்ப்பு எழுதப்படுவது இப்படித்தான். எந்த முனையை வேண்டுமானாலும் கேபிளுக்கு மாற்றுங்கள், பைசா செலவில்லாமல் வேகம் கிட்டத்தட்ட இரட்டிப்பாகும்.

அடுத்து, ஐடபிள்யூ என்ற கட்டளையிடம் லிங்க் விவரம் கேட்டால் மூன்று விஷயங்களைச் சொல்லும்: எந்த அலைவரிசையில் இருக்கிறோம், சிக்னல் எவ்வளவு, லிங்க் வேகம் எவ்வளவு. சிக்னல் டெசிபெல் கணக்கில், எப்போதும் மைனஸில் வரும். மைனஸ் 50 என்றால் அருமை, மைனஸ் 67 வரை சமாளிக்கலாம், மைனஸ் 75 என்றால் பை இருக்கும் இடத்தை மாற்றாமல் வேறு எதுவும் பேசிப் பயனில்லை. மூன்று டெசிபெல் குறைந்தாலே சிக்னலின் பலம் பாதியாகிவிட்டது என்று அர்த்தம். லிங்க் வேகம் என்பது காற்றில் அந்த நொடி ஒப்புக்கொண்ட வேகம். அதில் பாதியோ, அதற்குக் கொஞ்சம் மேலோதான் கைக்கு வரும். மீதி, பாக்கெட்டுகளுக்கு நடுவே காத்திருப்பதிலும் 'வந்து சேர்ந்தது' என்று பதில் சொல்வதிலும் போய்விடும்.

அலைவரிசை 2412, 2437, 2462 என்று 24-ல் தொடங்கினால் நீங்கள் 2.4 கிகாஹெர்ட்ஸில் இருக்கிறீர்கள். அங்கே இந்தச் சிப்புக்கு, 20 மெகாஹெர்ட்ஸ் அகலத்தில் லிங்க் வேகமே 72 மெகாபிட்தான், கையில் கிடைப்பது 40-ஐ ஒட்டி. அடுக்குமாடிக் குடியிருப்பு என்றால் பக்கத்து வீட்டு ரவுட்டர்கள் எல்லாம் 1, 6, 11 என்ற மூன்று சேனல்களுக்குள் அடித்துக்கொண்டிருக்கும், அதுவும் வராது. பை ஏன் 2.4-ஐப் பிடித்துக்கொண்டு தொங்குகிறது என்றால், ரவுட்டரில் இரண்டு அலைவரிசைக்கும் ஒரே பெயர் வைத்திருப்போம். தூரத்தில் 2.4-ன் சிக்னல்தான் பலமாகத் தெரியும், பையும் அதைப் பிடித்துக்கொள்ளும். 5 கிகாஹெர்ட்ஸுக்குத் தனிப் பெயர் வைத்துவிடுவது எளிது. பெயரை மாற்ற வீட்டில் எதிர்ப்பு வந்தால், ராஸ்பெரி பை ஓஎஸ்ஸின் புக்வார்ம் பதிப்பிலிருந்து நெட்வொர்க்மேனேஜர் என்ற நிரல்தான் எல்லா இணைப்புகளையும் கவனிக்கிறது என்பதால், அந்த இணைப்பின் அமைப்பில் பேண்ட் என்ற இடத்தில் 5 கிகாஹெர்ட்ஸைக் குறிக்கும் எழுத்தைப் போட்டுவிட்டால் பை 2.4 பக்கம் திரும்பாது.

நாடு எது என்பதைச் சரியாக அமைத்திருக்கிறீர்களா என்றும் பாருங்கள். அமைக்காவிட்டால் பை வைஃபையையே பூட்டி வைத்திருக்கும், தவறான நாட்டைப் போட்டால் சில சேனல்கள் கண்ணுக்கே தெரியாது. இந்தியாவில் 5 கிகாஹெர்ட்ஸில் 5150 முதல் 5350 வரையும், 5470 முதல் 5875 மெகாஹெர்ட்ஸ் வரையும் உரிமம் இல்லாமல் பயன்படுத்த 2018 அக்டோபரில் அரசு அனுமதித்தது. அதற்கு முன்னால் வீட்டுக்கு வெளியே பயன்படுத்தக் கிடைத்த இடம் ரொம்பக் குறுகல். இப்போது தாராளம். ஆனால் நம் வீட்டு ரவுட்டரில் சேனல் அகலம் 20 என்றோ 40 என்றோ கிடக்கும். பையின் சிப்புக்கு 20 மெகாஹெர்ட்ஸ் என்றால் லிங்க் வேகம் 86, 40 என்றால் 200, 80 என்றால் 433. ஒரே ஒரு பட்டியலில் 80-ஐத் தேர்ந்தெடுத்தால் 86 என்பது 433 ஆகிறது. இன்டர்நெட் கம்பெனி கொடுக்கும் பெட்டிகள் சிலவற்றில் இந்த அமைப்பையே ஒளித்துவைத்திருப்பார்கள், என் வீட்டுக்கு வந்ததும் அப்படித்தான். நிர்வாகிப் பாஸ்வேர்டு தர முடியாது என்று வாடிக்கையாளர் சேவையில் சொன்னார்கள், நான் தனி ரவுட்டர் ஒன்றை அதன் பின்னால் போட்டுவிட்டு அந்தப் பெட்டியின் வைஃபையை அணைத்துவிட்டேன்.

மின்சேமிப்பு என்று ஒன்று இருக்கிறது. பையின் வைஃபை, வேலை இல்லாத நேரத்தில் தூங்கப் போய்விடும். பெரிய கோப்பு ஏற்றும்போது இது தெரியாது. எஸ்எஸ்எச் வழியாக, அதாவது வேறொரு கணினியிலிருந்து நெட்வொர்க் மூலம், பைக்கு உள்ளே போய்த் தட்டச்சு செய்யும்போது எழுத்துகள் நின்று நின்று வந்தால் இதுதான் காரணம். பதில் வர எவ்வளவு நேரமாகிறது என்று காட்டும் பிங் கட்டளையைப் போட்டால் ஒருமுறை 5 மில்லிசெகண்டு, அடுத்தது 150 என்று தாறுமாறாக வரும். பேட்டரியிலா ஓடுகிறது, சுவரில் செருகிய பெட்டி, அது எதற்குத் தூங்க வேண்டும்? நெட்வொர்க்மேனேஜரில் அந்த இணைப்பின் பவர்சேவ் மதிப்பை 2 ஆக்கினால் நிரந்தரமாக அணைந்துவிடும். மதிப்பு 2 என்றால் அணை, 3 என்றால் இயக்கு. எந்தப் புண்ணியவான் இந்த எண்களை ஒதுக்கினாரோ.

இருக்கும் இடம். பை பெரும்பாலும் டிவிக்குப் பின்னால், அல்லது இரும்பு பீரோவின் தலையில். அதன் ஆன்டெனா பலகையின் செம்புத் தகட்டிலேயே வெட்டப்பட்ட ஒரு சின்ன முக்கோணக் குழி, ஸ்வீடனின் ப்ரோஆன்ட் கம்பெனியின் வடிவமைப்பு. ஆச்சரியமான வேலைப்பாடு, ஆனால் அதைச் சுற்றி உலோகம் இருந்தால் அவ்வளவுதான். விசிறி தேவையில்லை என்று விற்கும் முழு அலுமினியக் கேஸ்கள் சூட்டை நன்றாக இழுக்கும், சிக்னலையும் சேர்த்து விழுங்கும். பலகையில் வெளி ஆன்டெனா செருக இடமும் கிடையாது. வேறு கருவிகளுக்குள் பொருத்தும் பதிப்புகளான கம்ப்யூட் மாட்யூல் 4, 5 இரண்டிலும் மட்டும் அந்த வசதி உண்டு.

இன்னொரு தொல்லை யூஎஸ்பி 3. ஐந்து கிகாபிட்டில் ஓடும் யூஎஸ்பி 3-ன் மின்காந்த இரைச்சல் 2.4 கிகாஹெர்ட்ஸ் மேலேயே வந்து விழுகிறது என்று இன்டெல் 2012-லேயே ஒரு வெள்ளையறிக்கை போட்டுவிட்டது. கவசம் சரியில்லாத மலிவான டிஸ்க் பெட்டியைப் பையின் நீலப் போர்ட்டில், அதாவது யூஎஸ்பி 3-ல், செருகியதும் வைஃபை படுத்துவிடுகிறது என்றால் ஆச்சரியப்படாதீர்கள், 5 கிகாஹெர்ட்ஸுக்குப் போய்விடுங்கள். எச்டிஎம்ஐயும் இதில் சளைத்ததில்லை. 2019 கடைசியில் பை 4 வைத்திருந்தவர்கள், மானிட்டரை 2560க்கு 1440-ல் வைத்தால் மட்டும் வைஃபை அறுந்துபோகிறது என்று கண்டுபிடித்தார்கள். முதலில் படிக்கும்போது மூடநம்பிக்கை மாதிரி இருக்கும். கணக்குப் போட்டால் சரியாகவே வருகிறது: அந்தத் தெளிவுத்திறனில் பிக்சல் கடிகாரம், அதாவது திரைக்குப் புள்ளிகளை அனுப்பும் வேகம், 241.5 மெகாஹெர்ட்ஸ், அதன் பத்து மடங்கு 2415, வைஃபையின் முதல் சேனலின் மையம் 2412.

இவ்வளவும் செய்துவிட்டீர்கள். 5 கிகாஹெர்ட்ஸ், 80 அகலம், மைனஸ் 50 சிக்னல், லிங்க் 433. அப்படியும் பை 4 ஏறக்குறைய 100-ஐத் தாண்ட மறுக்கும். இங்கேதான் எனக்கு இந்த விஷயத்தின் மேல் ஆர்வமே வந்தது. சிக்கல் காற்றில் இல்லை, சிப்பிலும் இல்லை. சிப்பையும் ப்ராசசரையும் இணைக்கும் வழியில் இருக்கிறது.

பையில் வைஃபை சிப் எஸ்டிஐஓ என்ற பாதையில் இணைந்திருக்கிறது. மெமரி கார்டு பேசும் அதே பாதை வகை. நான்கு கம்பிகள், நொடிக்கு அதிகபட்சம் 5 கோடித் துடிப்புகள், துடிப்புக்குக் கம்பிக்கு ஒரு பிட். பெருக்கினால் 200 மெகாபிட். அதுவும் ஏட்டுக் கணக்கு, கட்டளைகளும் இடைவெளிகளும் போக நிஜத்தில் ரொம்பக் குறையும். எட்டு வழிச் சாலை போட்டுவிட்டு சுங்கச்சாவடியில் ஒரே ஒரு கவுண்டரைத் திறந்துவைத்த கதை. காற்றில் 433 வந்தாலும் உள்ளே நுழைவது அதில் கால்வாசிதான். ரவுட்டரை மாற்றி, ரவுட்டர் இருக்கும் இடத்தை மாற்றி, ஆன்டெனாவைத் திருப்பி, எதைச் செய்தாலும் அந்த எண் அசையாமல் நிற்பதற்குக் காரணம் இதுதான்.

பை 5-ல் சிப்பை மாற்றாமல் இந்த வழியை மாற்றினார்கள். டிடிஆர்50 என்ற முறையில் ஒவ்வொரு துடிப்பின் ஏற்றத்திலும் இறக்கத்திலும் ஒவ்வொரு பிட் போகும், அதனால் அதே நான்கு கம்பிகளில் 400 மெகாபிட் வரை. விளைவு, அதே பழைய சிப்பிடமிருந்து நல்ல சிக்னலில் 200-ஐ ஒட்டிய வேகம் கிடைக்கிறது. பை 4-லிருந்து 5-க்கு மாறியவர்கள் 'வைஃபை நன்றாகிவிட்டது' என்று சொல்வது வெறும் பிரமை இல்லை. 200 உங்களுக்குப் போதும் என்றால் இங்கேயே நிறுத்திக்கொள்ளலாம், நிஜமாகவே.

போதாது என்றால் இரண்டு கதவுகள் இருக்கின்றன, யூஎஸ்பி, கார்டுகளை ப்ராசசரோடு இணைக்கும் வேகமான பாதையான பிசிஐ எக்ஸ்பிரஸ்.

யூஎஸ்பி டாங்கிள் பார்க்க எளிது. பெட்டியின் மேல் ஏசி1300 என்று இருக்கும். அது 2.4-ன் 400-ஐயும் 5-ன் 867-ஐயும் கூட்டி, மேலே கொஞ்சம் தள்ளி முழுமையாக்கிய எண். இரண்டிலும் ஒரே நேரத்தில் டாங்கிள் இணையாது, ஆகவே 867 என்று எடுத்துக்கொள்ளுங்கள், அதில் பாதிக்குச் சற்று மேல் கையில். அதையும் கறுப்புப் போர்ட்டில், அதாவது யூஎஸ்பி 2-ல் செருகினால் 300-ஐத் தாண்டுவது கஷ்டம். நீலப் போர்ட்டில் போடுங்கள், முடிந்தால் ஒரு மீட்டர் நீட்டிப்புக் கேபிளில் பையை விட்டுத் தள்ளி வையுங்கள். பை 5 வைத்திருப்பவர்கள் மின்சாரத்தையும் பார்க்க வேண்டும்: 5 ஆம்பியர் தரும் அடாப்டர் இல்லையென்றால் எல்லா யூஎஸ்பி போர்ட்களுக்கும் சேர்த்து 600 மில்லி ஆம்பியர்தான் தரும். ஒரு டிஸ்க்கும் ஒரு டாங்கிளும் அதற்குள் அடங்காது.

தலைவலி டிரைவர். சென்னை ரிச்சி தெருவில் எந்தக் கடையில் கேட்டாலும் "லினக்ஸ்ல ஓடும் சார், பிளக் அண்ட் பிளே" என்பார்கள். நானும் அப்படி ஒன்றை வாங்கிவந்து செருகினேன், அது தன்னை சிடி டிரைவ் என்று அறிமுகப்படுத்திக்கொண்டது. விண்டோஸ் டிரைவரை உள்ளேயே ஒரு பொய் சிடியாக வைத்திருக்கும் ஏற்பாடு அது. யூஎஸ்பி மோட்ஸ்விட்ச் என்ற நிரல் அதைத் தட்டி எழுப்பி வைஃபை கருவியாக மாற்ற வேண்டும். மாற்றிய பிறகு பார்த்தால் உள்ளே ரியல்டெக் சிப். ரியல்டெக்கின் பழைய யூஎஸ்பி சிப்புகள் பலவற்றுக்கு லினக்ஸின் மையமான கெர்னலிலேயே டிரைவர் கிடையாது என்ற நிலை பல ஆண்டுகள் இருந்தது. யாரோ புண்ணியத்துக்குப் பராமரிக்கும் மூலநிரலை இறக்கித் தொகுத்துப் போட வேண்டும், கெர்னல் அப்டேட் வரும்போதெல்லாம் அது உடையும், வைஃபை போய்விடும், வைஃபை இல்லாததால் சரிசெய்ய வேண்டியதை இறக்கவும் முடியாது. 2023-ல் வந்த கெர்னல் 6.2 முதல் இந்த நிலை கொஞ்சம் கொஞ்சமாக மாறிவருகிறது, சில ரியல்டெக் சிப்புகள் நேரடியாகவே ஓடுகின்றன. ஆனாலும் டாங்கிள்தான் வேண்டும் என்றால் மீடியாடெக் சிப் இருப்பதைத் தேடுங்கள் என்றுதான் சொல்வேன். எம்டி7612யூ கெர்னல் 4.19-லிருந்து உள்ளேயே இருக்கிறது, அடுத்த தலைமுறையான வைஃபை 6 வேண்டுமானால் எம்டி7921ஏயூ 5.18-லிருந்து இருக்கிறது. இன்றைய ராஸ்பெரி பை ஓஎஸ் இரண்டையும் தாண்டி வந்துவிட்டது, செருகினால் ஓடும். ஒரு எச்சரிக்கை: ஒரே மாடல் பெயரில் வெர்ஷன் 1-ல் ஒரு சிப், வெர்ஷன் 2-ல் வேறு சிப் வைத்து விற்கும் வழக்கம் இந்தத் தொழிலில் சகஜம். அட்டைப்பெட்டியைப் பார்த்து நம்பாமல், திருப்பித் தர முடிகிற இடத்தில் வாங்கி, செருகியவுடன், உள்ளே என்ன சிப் என்று காட்டும் எல்எஸ்யூஎஸ்பி கட்டளையைப் போட்டுப் பாருங்கள்.

நான் போனது இரண்டாவது கதவு வழியாக. பை 5-ன் ஓரத்தில் மெல்லிய பட்டைக் கேபிள் செருகும் ஒரு பொருத்தி இருக்கிறதே, அது பிசிஐ எக்ஸ்பிரஸ் இரண்டாம் தலைமுறை, ஒரு தடம். கழிவு போக 4 கிகாபிட். எஸ்டிஐஓவின் 200 எங்கே, இது எங்கே. பெரும்பாலோர் இதில் எஸ்எஸ்டி என்ற சுழலாத, வேகமான டிஸ்க்கைப் போடுகிறார்கள். லேப்டாப்பில் இருக்குமே அந்தச் சின்ன வைஃபை கார்டு, அதையும் போடலாம். ஆனால் எஸ்எஸ்டிக்கான பலகையில் அது நேராக உட்காராது. எஸ்எஸ்டிக்கு எம் வகைக் காடி, வைஃபை கார்டுக்கு ஈ வகைக் காடி, வெட்டு வேறு இடத்தில் இருக்கும். ஈ காடி உள்ள பலகையாகவே வாங்குங்கள், இல்லையென்றால் எம்-ஐ ஈ ஆக்கும் மாற்றி ஒன்று வேண்டும்.

கார்டில் இன்டெல் ஏஎக்ஸ்210 பிரபலம். இரண்டு ஆன்டெனா, இரண்டு தடத் தரவு, 80 மெகாஹெர்ட்ஸில் லிங்க் 1201, 160-ல் 2402. கடையில் இதன் பக்கத்திலேயே ஏஎக்ஸ்211 இருக்கும், சில சமயம் விலை குறைவாகவும் இருக்கும், பார்க்க அண்ணன் தம்பிதான். அதைத் தொடாதீர்கள். 201-ம் 211-ம் வைஃபையின் பாதி மூளையை இன்டெல் ப்ராசசரிடம் விட்டுவிட்டு வரும் கார்டுகள். இன்டெல் ப்ராசசர் இல்லாத பையில் அவை வெறும் தகடு. 200-ம் 210-ம் தனித்து நிற்பவை, அவை ஓடும். பழைய ராஸ்பெரி பை ஓஎஸ் பதிப்புகளின் கெர்னலில் இன்டெல் வைஃபை டிரைவர் சேர்க்கப்படாமல் இருந்ததால் ஆரம்பத்தில் போட்டவர்கள் கெர்னலையே தொகுத்தார்கள். நீங்கள் ஓஎஸ்ஸைப் புதுப்பித்துவிட்டு முதலில் டிரைவர் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, அந்தக் கார்டுக்கான ஃபர்ம்வேரையும் (கார்டுக்குள்ளேயே ஓடும் நிரல்) தனியாக நிறுவிக்கொள்ளுங்கள். அது இல்லாமல் கார்டு கண்ணுக்குத் தெரியும், இயங்காது. பையையே 5 கிகாஹெர்ட்ஸ் ஹாட்ஸ்பாட் ஆக்கும் எண்ணம் இருந்தால் இன்டெல் வேண்டாம், இருப்பிடத்தைத் தானே ஊகித்து அந்த அலைவரிசையில் ஒலிபரப்ப மறுக்கும் பூட்டு அதன் ஃபர்ம்வேரிலேயே இருக்கிறது. அதற்கு மீடியாடெக்கின் எம்டி7922 நல்லது.

ஆன்டெனா கம்பி வாங்கும்போது கவனம். இந்தக் கார்டுகளில் இருப்பது எம்எச்எஃப்4 என்ற மிகச் சின்ன பொருத்தி. சந்தையில் அதிகம் கிடைக்கும் யூ.எஃப்.எல் கம்பி பார்க்க அதே மாதிரி இருந்தாலும் அளவு பெரிது, அழுத்தி உட்கார வைக்க முயன்றால் கார்டிலிருக்கும் வளையம்தான் நசுங்கும். சரியான கம்பி என்றால் நேராக மேலே வைத்து நகத்தால் அழுத்தியதும் 'டிக்' என்று உட்காரும். கேட்காத 'டிக்'குக்காகப் பலத்தைக் காட்ட வேண்டாம். கார்டின் ப்ளூடூத் பாதி வேலை செய்யாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். அது யூஎஸ்பி கம்பி வழியாகப் பேசுவது, பையின் பட்டைக் கேபிளில் யூஎஸ்பி வருவதில்லை. பரவாயில்லை, பையின் சொந்த ப்ளூடூத் இருக்கிறதே. கான்ஃபிக் கோப்பில் உள் வைஃபையை அணைக்கும் ஒரு வரியைப் போட்டால் ப்ளூடூத் தொடர்ந்து ஓடும், வைஃபை மட்டும் ஒதுங்கிக்கொள்ளும்.

என் வீட்டில் இப்போது 80 மெகாஹெர்ட்ஸில் லிங்க் 1201, ஐபெர்ஃப்3-ல் 700-ஐத் தாண்டி. 160-க்குப் போகலாம்தான். ஆனால் 36-லிருந்து 64 வரை முழுச் சேனல்களையும் எடுத்தால் அதில் பாதி ரேடாருடன் பகிர்ந்துகொள்ளும் இடம், ரவுட்டர் தொடங்கும்போதே ஒரு நிமிடம் ரேடார் இருக்கிறதா என்று காதைத் தீட்டிக்கொண்டு காத்திருக்கும், நடுவில் ரேடார் கேட்டதாகத் தோன்றினால் சொல்லாமல் கொள்ளாமல் சேனலை மாற்றும். வீட்டில் யாராவது வீடியோ அழைப்பில் இருக்கும்போது இது நடந்தால் பதில் சொல்ல வேண்டியது நான். 80 போதும்.

700 வந்ததும் சிக்கும் இடம் வேறு பக்கம் போய்விட்டது. சுழலும் டிஸ்க் பெரிய கோப்புகளுக்கு ஈடுகொடுக்கிறது, சின்னச் சின்னப் படங்கள் ஆயிரக்கணக்கில் வந்தால் திணறுகிறது. எஸ்எஸ்டியைப் பிசிஐயில் போட்டிருக்கலாம், அந்த இடத்தை வைஃபை எடுத்துக்கொண்டுவிட்டது, பையில் இருப்பதே அந்த ஒரு தடம்தான். அதனால் எஸ்எஸ்டி யூஎஸ்பியில். கோப்புகளைக் குறியாக்கி அனுப்பும் எஸ்எஃப்டிபி முறையில் அனுப்புபவர்கள் அந்தக் குறியாக்க வேலையையும் கணக்கில் எடுக்க வேண்டும். பை 4-ன் ப்ராசசரில் அதற்கான தனிக் கட்டளைகள் இல்லை, அங்கே வைஃபைக்கு முன்னால் ப்ராசசர்தான் மூச்சு வாங்கும். பை 5-ல் அவை உண்டு.

இப்போது பலருக்குப் பிடிக்காத ஒன்றைச் சொல்கிறேன். வேகம் மட்டும்தான் வேண்டும், நோண்டும் ஆசை இல்லை என்றால் மேலே சொன்ன எதுவும் தேவையில்லை. கிகாபிட் போர்ட் இருக்கும் ஒரு வைஃபை 6 ரவுட்டரையோ வைஃபையை வீடெங்கும் நீட்டும் மெஷ் பெட்டியையோ பைக்குப் பக்கத்தில் வைத்து, அதைப் பெரிய ரவுட்டரோடு வைஃபையில் இணைத்து, அதிலிருந்து ஒரு சாண் கேபிளைப் பையின் ஈத்தர்நெட்டில் செருகுங்கள். டிரைவர் இல்லை, ஃபர்ம்வேர் இல்லை, கெர்னல் அப்டேட் பயம் இல்லை. பழைய ரவுட்டர் பரணில் கிடந்தால் அதில் ரவுட்டர்களுக்கான இலவச ஓஎஸ்ஸான ஓபன்டபிள்யூஆர்டி ஏற்றியும் இதைச் செய்யலாம். பெரிய ஆன்டெனா, நல்ல கவசம், வைஃபைக்கென்றே செய்த ப்ராசசர், பையின் முக்கோணக் குழி அதனோடு போட்டி போட முடியாது. வாங்கும்போது பெட்டியில் ஈத்தர்நெட் போர்ட் கிகாபிட்தானா என்று மட்டும் பாருங்கள். மலிவான ரிப்பீட்டர்கள் பலவற்றில் முகப்பில் 1200 என்று இருக்கும், பின்னால் போர்ட் 100 மெகாபிட். அதை வாங்கினால் கிடைப்பது 94, பை 4-ன் சொந்த வைஃபை கொடுத்த அதே எண்.

3பி வைத்திருப்பவர்களும் ஜீரோ 2 டபிள்யூ வைத்திருப்பவர்களும் கேட்பீர்கள். அவற்றில் 2.4 கிகாஹெர்ட்ஸ் மட்டும்தான், யூஎஸ்பியும் 2-ம் தலைமுறை மட்டும்தான். விளம்பரம் தடுக்கும் டிஎன்எஸ்ஸோ, வெப்பநிலை பார்க்கும் வேலையோ ஓடினால் அப்படியே விட்டுவிடுங்கள், மின்சேமிப்பை அணைத்தால் போதும். கோப்பு சேமிக்கும் வேலையை அவற்றின் தலையில் கட்டாதீர்கள்.

வைஃபை 7 கார்டு போடலாமா என்பது அடுத்த கேள்வி. இன்டெல்லின் பிஇ200-ஐப் பை 5-ல் ஓட்டியவர்கள் இருக்கிறார்கள். அதன் பெருமையான 320 மெகாஹெர்ட்ஸ் அகலம் 6 கிகாஹெர்ட்ஸில் மட்டும்தான் உண்டு. இந்தியாவில் 5925 முதல் 6425 மெகாஹெர்ட்ஸ் வரையிலான கீழ்ப்பகுதியைத் திறக்க 2025 மே மாதம் வரைவு விதிகள் வந்தன, மொத்தம் 500 மெகாஹெர்ட்ஸ், அதில் 320 அகலச் சேனல் ஒன்றுதான் அடங்கும். அதற்கேற்ற ரவுட்டரும் வேண்டும், அந்த ரவுட்டரின் பின்னால் 2.5 கிகாபிட் போர்ட்டும் வேண்டும். என் ரவுட்டரின் பின்னால் இருப்பவை எல்லாம் 1 கிகாபிட், கேபிளில் 940-க்கு மேல் எதுவும் வெளியே வராது. கார்டை மாற்றுவதற்கு முன்னால் எனக்கு மாற்ற வேண்டியது ரவுட்டர், அதன் விலையைப் பார்த்துவிட்டு அந்தப் பக்கத்தை மூடிவிட்டேன்.